வலிப்பு மருந்தே வலிப்பைக் கூட்டும்போது

வணக்கம் நேயர்களே. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, உடம்பு வெட்டி இழுப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும், வளர வளர வராமலும் போய்விடும். நான் பேச வந்தது அப்படி அடங்காத சில குழந்தைகளைப் பற்றி. ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும், அரை மணி நேரம்கூட நீடிக்கும், சுடுதண்ணீர்க் குளியலே கிளப்பிவிடும். 1978இல் சார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார், டிராவே நோய் என்கிறோம்.

இதன் வேர் சோடியம் வாய்க்கால். நரம்பு செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம் அது. நடுவில் சோடியம் அயனி நுழையும் துளை, கண்ணிமைப்பதைவிட வேகமாகத் திறந்து மூடும், திறந்தால்தான் மின்துடிப்பு கிளம்பும். 2001இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் இந்தக் குழந்தைகளிடம், இந்த வாய்க்காலில் ஒரு வகையை உருவாக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற ஜீனில் பிழையைக் கண்டார்கள். பெரும்பாலும் அம்மா அப்பாவிடம் அந்தப் பிழை இருக்காது, பிள்ளையிடம் புதிதாக வந்திருக்கும்.

சரி, வாய்க்கால் பழுதானால் மின்துடிப்பு குறையத்தானே வேண்டும், வலிப்பு எப்படி வருகிறது? 2006இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வில்லியம் கேட்டராலின் குழு எலிகளிடம் விடை கண்டது. இந்த வகை வாய்க்காலை அதிகம் நம்பியிருப்பவை மற்ற செல்களை அடக்கி வைக்கும் செல்கள். பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி ஆகிவிடுகிறது மூளை. கார்பமசெபைன், ஃபெனிட்டோயின் போன்ற வழக்கமான மருந்துகள் சோடியம் வாய்க்காலை அடைப்பவை. எத்தனையோ பேரின் வலிப்பை நிறுத்துகிற அதே மருந்து இந்தக் குழந்தைகளிடம் மிச்சமிருக்கும் பிரேக்கையும் பிடுங்கிவிடும். திரும்பவும் சொல்கிறேன், நான் பேசுவது இந்தக் குழந்தைகளைப் பற்றி மட்டும். யாரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள், ஜீன் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

அப்புறம் எனக்கு மனதை விட்டுப் போகாத ஒரு விஷயம். தடுப்பூசி போட்ட மூன்று நாளுக்குள் வலிப்பு வந்து, அதிலிருந்தே மூளை வளர்ச்சி கெட்டது என்று முடிவுகட்டப்பட்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிச் குழு அப்படிப்பட்ட 14 பேரின் ஜீனைப் பார்த்தது, அதுவும் 2006இல்தான். 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ பிழை! ஊசி தந்த காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம், நோய் எப்படியும் வந்திருக்கும். நாம்தானே தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டோம் என்று வருடக்கணக்காகத் தன்னையே நொந்துகொண்ட ஒரு தாய்க்கு இந்தப் பதில் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை குணமாகவில்லைதான். ஆனால் குற்றம் அவள் மேல் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். வலியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரே வரியில் சொல்கிறேன்: வலி நரம்புகளில் இருக்கும் இன்னொரு சோடியம் வாய்க்காலை மட்டும் அடைக்கிற சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. வணக்கம்.