கொள்ளிடக் கரையைக் கோடையிலேயே காப்போம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், முதன்மையாக வெள்ளத்தைச் சுமந்து கடலில் சேர்க்கும் ஆறு. மேட்டூர் நிரம்பி, 2018, 2022ஆம் ஆண்டுகளின் ஆகஸ்டில் நொடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் திறக்கப்பட்டபோது, அதன் பெரும்பகுதியைக் கொள்ளிடமே வாங்கிக்கொண்டது. அந்நேரங்களில் ஆற்றின் இரு கரைகளுக்கும் உள்ளே அமைந்த நாதல்படுகை போன்ற படுகைக் கிராமங்களுக்குள் ஆறு புகுந்துவிட, கரைக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கும் வயல்களுக்கும் அந்த மண்மேடு ஒன்றே காவலாக நின்றது.

கரை என்றால் உயரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வெள்ளம் கரையின் தலைக்கு மேலே வழிந்துதான் உடைப்பு நேர வேண்டும் என்பதில்லை. எலி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் மட்கிப்போன வேர் விட்டுச் சென்ற பொந்து ஆகிய ஏதேனும் ஒன்றின் வழியே புகுந்த நீர் மறுபுறத்து அடியில் ஊற்றாகக் கிளம்புகிறது. அந்த ஊற்று தெளிவாக வந்தால் அஞ்சத் தேவையில்லை, கண்காணித்தால் போதும். கலங்கி வருமானால், அது கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்போது பதற்றத்தில் ஊற்றின் வாயை அடைத்துவிடாதீர்கள். அடைபட்ட நீர் வேறோர் இடத்தில் பீறிட்டுக் கிளம்பும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயரவிட்டால், அந்த நீரின் எடையே ஊற்றின் வேகத்தைத் தணித்து மண் வெளியேறுவதை நிறுத்தும்.

இதையெல்லாம் கண்டறிய, கரையில் ஆள் நடக்க வேண்டும். கரைக் காவல் பணியாளர்களான லஸ்கர்கள் இரவும் பகலும் நடந்து பார்த்த கரைகளில் இன்று கருவேலம் மண்டிக் கிடப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. உடைப்பை அடைக்க ஊரார் திரளவேண்டும் என்று 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே, வைகைக் கரையை அடைக்க வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்துவிடப்பட்டதாகவும், அவளுக்காக இறைவனே பிட்டுக்கு மண் சுமந்ததாகவும் நம் மரபு சொல்கிறது. ஆளில்லாத கிழவியின் பங்கைக்கூட விட்டுவிட முடியாது என்பதை அந்தக் காலத்து மக்கள் அறிந்திருந்தார்கள். பக்கத்துப் பங்குகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஒரு முழம் பழுதுபட்ட இடத்தில் ஆறு வெளியேறிவிடும் அல்லவா!

ஆகவே வழக்கமாக மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே, சித்திரையிலும் வைகாசியிலும் புதரை வெட்டுங்கள். புல்லை மட்டும் விட்டுவையுங்கள், அதன் வேர் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும். வளையின் வாயில் மண்ணைத் திணித்தால் போதாது. வளை போகும் தூரம்வரை தோண்டி, ஈரமான களிமண்ணை அரை அடி அரை அடியாக இட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அந்த மண்ணையும் கரையின் அடியிலிருந்து வெட்டி எடுத்துவிடாதீர்கள்.