முதலில் போகவேண்டியவர் யார்?

வணக்கம் நேயர்களே.

உலகத்தைப் படைப்பதற்கு முன் கடவுள் யாரை நேசித்துக்கொண்டிருந்தார்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் பெரியவர்கள் நாங்கள் கதையை மாற்றிவிடுவோம். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். கடவுள் அன்பாயிருக்கிறார் என்று யோவானின் முதல் கடிதம் சொல்கிறது. அன்பு செய்ய இன்னொருவர் வேண்டுமே! படைப்புக்குப் பிறகுதான் நேசிக்க ஆள் கிடைத்தது என்றால், அதுவரை அவர் எப்படி அன்பாக இருந்தார்? யோவான் நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் இயேசு தந்தையிடம் வேண்டும்போது, உலகம் உண்டாகும் முன்பே நீர் என்மேல் அன்பு கொண்டிருந்தீர் என்கிறார். மகன் படைக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே பொருளானவர் என்று 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் அறிக்கையிட்டார்கள். அந்த நம்பிக்கை அறிக்கையில் தூய ஆவியாரைப் பற்றிய பகுதி 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் விரிந்தது. அது எப்படி என்று கணக்குப் போட்டு விளக்க நான் வரவில்லை. தந்தை, மகன், தூய ஆவியார் என்று கடவுளே ஓர் உறவாக இருக்கிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்வோம். அவருடைய சாயலில் உண்டான நாங்கள் உறவை முறித்துக்கொண்டு முழு மனிதராக இருக்க முடியாது.

சரி, வன்னியில் அந்த உறவு எங்கே முறிகிறது? பெரும்பாலும் வேலியில். 2009இல் போர் முடிந்த பிறகு முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது, பூவரசும் கிளுவையும் நின்ற எல்லைகளைப் பற்றை மூடியிருந்தது. பலருடைய காணி உறுதியும் காணிப் பெர்மிட்டும் இடப்பெயர்வில் போய்விட்டன. ஐயாவின் காணியில் முதலில் வந்து சேர்ந்த அண்ணன் வீட்டுத்திட்ட வீட்டைக் கட்டிவிட்டார். என் பங்கு எங்கே என்று தம்பி கேட்கிறார். ஒரே பதுங்குகுழிக்குள் ஒரே போர்வைக்குள் கிடந்தவர்கள், இன்று செத்தவீட்டில்கூட முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஞாயிறு பூசையில் சமாதானத்தைப் பகிரும்போது அண்ணன் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்புவார். தம்பி நாலு வாங்கு பின்னால் நிற்பார்.

மலைப்பொழிவில் இயேசு இதைத் தொடுகிறார். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். அவன்மேல் உனக்குக் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. குறை யார்மேல் சொல்லப்படுகிறதோ அவர்தான் எழும்பிப் போகவேண்டும். இன்னொன்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர். பலிபீடம் இருந்தது எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடை. முல்லைத்தீவிலிருந்து மடு மாதா கோவிலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போனவர், மாதாவின் வாசலில் தம்பியின் நினைவு வந்து, திரும்ப முல்லைத்தீவுக்கு நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயேசு கேட்டது அவ்வளவு பெரிய அலைச்சல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாயிடம், மன்னித்து மறந்துவிடுங்கள் அம்மா என்று போதிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த வசனத்தின்படி நடக்கவேண்டிய கால்கள் அவருடையவை அல்ல. பதில் சொல்லவேண்டியவர்கள்தான் அவரிடம் வரவேண்டும்.

வருபவர் எப்படி வரவேண்டும் என்பதற்கு லூக்கா நற்செய்தியில் சக்கேயு இருக்கிறார். வரி தண்டிய பணக்காரர். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை, கணக்குத்தான் வந்தது.

வேலியைத் தள்ளி அடைத்த அண்ணன் பிஸ்கற் பெட்டியோடு மட்டும் போனால் தம்பி படலையைத் திறப்பாரோ தெரியாது. நில அளவையாளரையும் கூட்டிக்கொண்டு போனால் திறப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.