ஒட்டுசுட்டான்: குளத்துக்குக் கீழே ஓர் ஊர்

வணக்கம் நேயர்களே. மலையடிவாரப் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றைப் பற்றிப் பேசலாமே என்றார்கள். இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னியில் அதற்கு மலைக்கு எங்கே போவது? இங்கே நிலம் கண்ணுக்குத் தெரியாமல் சரியும். இரண்டு மேட்டுக்கு நடுவே ஆறு ஓடும். அதை மறித்துக் கட்டினால் குளம், அதன் கீழே வயல், வயலோரம் ஊர். எங்கள் பள்ளத்தாக்கு அவ்வளவுதான். அப்படி ஓர் ஊர்தான் ஒட்டுசுட்டான்.

ஏ-9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்தால் 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஏறக்குறைய பாதி வழி. குரக்கன் அறுத்தபின் நிற்கும் தாளை, அதாவது ஒட்டை, சுட்டபோது வெளிப்பட்ட லிங்கத்தால் வந்த பெயர் என்பது ஊர்க்கதை. தான்தோன்றீஸ்வரர் கோயில் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளத்தை விட்டுவிட்டு இந்தச் சனத்தைப் பற்றிப் பேச முடியாது. பேராறு கடைசியில் நந்திக்கடலில் விழுகிறது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அதற்கு முன்னமே, புரட்டாதிக் கடைசியில் காலபோகத்துக்கு, அதாவது மழைக்கால நெல்லுக்கு, காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு நடக்கும். ஏக்கருக்கு 2 புசல், அதாவது 40 கிலோவுக்குக் கிட்ட. முதல் மழை இரண்டு நாள் பெய்துவிட்டு பத்து நாள் வெயில் எறித்தால் முளைத்தது அப்படியே கருகும். அனுபவமுள்ள கமக்காரர் அதனால்தான் விதைநெல்லை ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. மறுவிதைப்புக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைப்பார்கள்.

குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடைப் பயிரான சிறுபோகம் வேறு கணக்கு. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள்: எத்தனை ஏக்கர், எத்தனை மாத நெல், விதைப்புக்குக் கடைசித் திகதி, துலுசு, அதாவது குளத்து மதகு, பூட்டும் நாள். மூன்று மாத நெல் என்று முடிவானபின் ஒருவர் மூன்றரை மாத நெல்லைப் போட்டால் என்ன ஆகும்? கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் துலுசு பூட்டிவிடும். தூற்றும்போது பாதி மணி இல்லாத சப்பி நெல்லாகக் காற்றோடு போகும். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவர் தப்பினாலும் கடைக்காணிக்காரர் தப்பமாட்டார். கூட்டத்தில் சத்தம் உயர்வதும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

ஆட்கள் எல்லாரும் ஒரே வேர் இல்லை. பரம்பரையாக இருக்கும் வன்னிச் சனம் ஒரு பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து, மேட்டு நிலத்தில் மிளகாய் போட்டவர்கள் இன்னொரு பக்கம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது செத்தல் மிளகாய், அதாவது காய்ந்த மிளகாய், நல்ல காசு கொடுத்தது. 1977க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர, வெளிநாட்டுச் செத்தல் வந்து விலை விழுந்தது. அதே 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. மெய்யான பள்ளத்தாக்கைக் கண்டவர்கள் அவர்கள்தான். போரின் கடைசிக் கட்டத்தில் எல்லாரும் ஒன்றாகவே இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது வளவு எல்லை எது என்று தெரியாத அளவுக்குப் பற்றை மண்டியிருந்தது.

வர விரும்புபவர்கள் பாலைப்பழக் காலம் பார்த்து, ஆனி, ஆடி மட்டில் வாருங்கள். வீதியோரத்தில் சுண்டு என்ற சிறு அளவைக் கணக்கில் விற்பார்கள். மஞ்சள் நிறம், சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு. ஆனால் அதில் பால் இருக்கிறது. நாலைந்து தின்றதும் உதடு பிசினாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் கழுவினால் போகாது. தின்ன முன்னமே உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பழம் பொறுக்கத் தனியே காட்டுக்குள் இறங்க வேண்டாம். அதே பழத்துக்குக் கரடியும் வரும். பொழுது பட்டபின் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்துங்கள். அது வீதியைக் கடந்து போகட்டும்.