கதிரும் மருந்தும்: ஹென்றி கேப்ளன்

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய் என்றதும் நம் ஊரில் "கரண்ட் வைத்தார்களா, கீமோவா?" என்று கேட்பார்கள், ஏதோ இரண்டில் ஒன்றுதான் என்பதுபோல. கதிர், மருந்து இரண்டையும் சேர்த்து யோசித்த ஒருவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஹென்றி கேப்ளன், 1918-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1948-ல், முப்பது வயதில், ஸ்டான்ஃபோர்டில் கதிரியல் துறைத் தலைவரானார்.

அன்றைய எக்ஸ்ரே எந்திரங்களின் வீரியம் ஆழத்துக்குப் போகாது. உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய கதிர் போய்ச் சேருவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். அதே பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் எலக்ட்ரான்களை அதிவேகத்தில் ஓட்டும் எந்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது கேப்ளனின் காதுக்கு எட்டியது. அவர்களில் ஒருவரான எட்வர்ட் கின்ஸ்டனோடு சேர்ந்து அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1956-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் சிகிச்சை பெற்றவன் இரண்டு வயதுச் சிறுவன். விழித்திரைப் புற்றால் ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய கண்ணில் பார்வை தப்பியது. (லண்டனில் 1953-லேயே இப்படி ஓர் எந்திரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு புகழ் பாடும்போது இதை யாரும் சொல்வதில்லை!)

சரி, எந்திரம் இருக்கட்டும். நான் அவரை மதிப்பது வேறு காரணத்துக்காக. ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய் தீராது என்றே பெரும்பாலான டாக்டர்கள் நம்பிய காலம் அது. ஆரம்ப நிலையில் கதிரால் குணமாக்க முடியும் என்று டொரண்டோவில் வேரா பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1950-லேயே எழுதியிருந்தார்; அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. கேப்ளன் அந்த வழியில் போனார். 1962 முதல் ஸ்டான்ஃபோர்டின் புற்றுநோய் மருத்துவர் சால் ரோசன்பெர்க்குடன் சேர்ந்து, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கி, எந்தச் சிகிச்சை மேல் என்று ஒப்பிட்டார். தன் வைத்தியத்தில் அத்தனை நம்பிக்கை உள்ளவர் அதற்குச் சம்மதித்தது லேசான காரியமா?

அப்புறம் மருந்து வந்தது. 1964-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் டிவிட்டா குழுவினர் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. கதிர்தான் தன் துறை என்று கேப்ளன் ஒதுங்கவில்லை. 1968 முதல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுகளில் கதிரோடு அந்த மருந்துகளும் சேர்ந்தன.

கதிர் புற்றுநோயை உண்டாக்கவும் செய்யும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் சுண்டெலிகளுக்குக் கதிர் பாய்ச்சி, அவற்றுக்குப் புற்று வருவதைப் பார்த்தவர் அவர். கதிரும் மருந்தும் சேர்த்துப் பெற்ற சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்ததை 1977-ல் அவருடைய குழுவே வெளியிட்டது. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

கேப்ளன் 1984-ல் காலமானார். அவருக்கும் நுரையீரல் புற்றுநோய்தான். அவர் காலத்தில் ஹாட்ஜ்கின் நோய்க்கு 44 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை கதிர் கொடுத்தார்கள். இன்று ஆரம்ப நிலையில், நோய் லேசாக இருப்பவர்களுக்கு, இரண்டு சுற்று மருந்தோடு 20 கிரே போதும் என்றாகியிருக்கிறது.