ஒரு வெள்ளிக்கிழமை லெட்டர்: மிச்சிகன் சிக்னல் திருட்டுல பிக் டென் கமிஷனர் என்ன பண்ணாரு?

(திரையில்: பென் ஸ்டேட் ஸ்டேடியம், மேலேர்ந்து)

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. மறுநாள் மத்தியானம் பென் ஸ்டேட்ல மேட்ச், அதுக்கு மிச்சிகன் யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஊரை விட்டுக் கிளம்பியாச்சு, அந்த சீசன்ல ஆடுன ஒம்போது மேட்ச்ல ஒம்போதும் ஜெயிச்ச டீம் அது. அந்த நேரம் பாத்து ஒரு லெட்டர் வருது, 13 பக்கம். விஷயம் இதுதான், ரெகுலர் சீசன்ல பாக்கி இருக்கற மூணு மேட்ச்லயும் ஹெட் கோச் ஜிம் ஹார்பா ஸ்டேடியம் பக்கமே வரக்கூடாது. அனுப்பினவர் டோனி பெட்டிட்டி, மிச்சிகன் ஆடற யுனிவர்சிட்டி லீக்கான பிக் டென்னோட கமிஷனர், அந்த சீட்ல வந்து உக்காந்து அரை வருஷம்தான் ஆச்சு.

இந்தக் கதை புரியணும்னா முதல்ல இந்த சிக்னல் சமாச்சாரம் தெரியணும். அமெரிக்கன் ஃபுட்பால் நின்னு நின்னு நடக்கும், அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு பிளே, ஒவ்வொரு பிளேவுக்கு முன்னாடியும் அடுத்து என்ன ஆடப்போறோம்னு கோச் பசங்களுக்குச் சொல்லியாகணும். என்எஃப்எல்ல, அதாவது அங்க இருக்கற ப்ரொஃபஷனல் லீக்ல, ஹெல்மெட்டுக்குள்ளயே ஸ்பீக்கர் இருக்கு, காலேஜ்ல அப்போ அது கிடையாது, அதனால சைட்லைன்ல ரெண்டு மூணு பேர் நின்னுக்கிட்டு தலையத் தட்டுவாங்க, கையச் சுத்துவாங்க, பெரிய போர்டுல சம்பந்தமே இல்லாத படத்தத் தூக்கிக் காட்டுவாங்க, அதுல ஒருத்தர் காட்றதுதான் நிஜம், மத்தவங்க சும்மா டபாய்க்க. இதை எதிர் டீம் உக்காந்து பாத்து கண்டுபிடிச்சா தப்பே இல்ல. பௌலரோட மணிக்கட்டைப் பாத்து கூக்ளின்னு பேட்ஸ்மேன் கண்டுபிடிக்கறாரே, அந்த மாதிரி தான், அது திறமை.

எது தப்புன்னா, அந்த சீசன்ல நாளைக்கு நம்மகூட ஆடப்போற டீமோட மேட்சுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பாக்கறது. 1994லேர்ந்து தடை. ஏன் தடைன்னா அதுல பெரிய தர்மம் நியாயம்லாம் ஒண்ணும் இல்ல, செலவு! பணக்கார காலேஜ் ஊர் ஊரா ஆள் அனுப்பும், இல்லாதவன் என்ன பண்ணுவான், அதான்.

மிச்சிகன்ல கானர் ஸ்டேலியன்ஸ்னு ஒரு ஸ்டாஃப், முன்னாள் மரைன், அதாவது அமெரிக்க ராணுவப் படை ஒண்ணுல இருந்தவர். இவர் என்ன பண்ணாருன்னா மத்த டீம்களோட மேட்சுக்கு டிக்கெட் வாங்கி தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து, சைட்லைனை ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு வரச்சொல்லிருக்காரு. அதுவும் 30 மேட்சுக்கு மேல, எல்லாம் சொந்தப் பேர்லயே டிக்கெட். வேவு பாக்கறதுன்னு முடிவு பண்ணவர் அதையாவது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். அப்புறம் ஒரு ஃபோட்டோ வந்துது பாருங்க, சென்ட்ரல் மிச்சிகன்னு வேற ஒரு யுனிவர்சிட்டி டீம் சைட்லைன்ல, அவங்க டிரெஸ் போட்டுக்கிட்டு, ராத்திரி மேட்ச்ல கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு ஒரு ஆள் நிக்கறாரு. அது இவர்தான்.

(திரையில்: கூலிங் கிளாஸ், அதுக்குப் பின்னாடி இருட்டு வானம்)

அக்டோபர் 18ஆம் தேதி என்சிஏஏ, அதாவது அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸுக்கு ரூல் போடற அமைப்பு, இந்த விஷயத்த பிக் டென்னுக்குச் சொல்லுது. இங்கதான் பெட்டிட்டி மாட்டிக்கிட்டாரு. ரூல் என்சிஏஏவோடது, விசாரணையும் அவங்களோடது, அது முடிய வருஷக்கணக்கா ஆகும். ஆனா பிக் டென்ல அப்போ 14 டீம் (ஆமா, பேர்தான் பத்து), மிச்சிகன் போக மிச்சம் 13. நவம்பர் 1 கோச்சுங்க எல்லாம் கான்ஃபரன்ஸ் கால்ல வந்து கத்தறாங்க, மறுநாளே அத்லெடிக் டைரக்டருங்க, அதாவது ஒவ்வொரு யுனிவர்சிட்டிலயும் ஸ்போர்ட்ஸ் மொத்தத்தையும் பாத்துக்கறவங்க. கமிஷனர்னா ஜட்ஜ்னு நினைச்சுக்காதீங்க, இந்த யுனிவர்சிட்டிங்க சேந்து சம்பளம் குடுத்து வெச்சிருக்கற ஆள் தான் அவரு. இவரோ பேஸ்பால் ஆபீஸ்லயும் டிவி சேனல்லயும் வேலை பாத்துட்டு வந்தவர், காலேஜ் பக்கம் புதுசு.

அதனால அவர் கையில எடுத்தது வேவு பாக்கற ரூலை இல்ல, பிக் டென்னோட சொந்த விளையாட்டு நேர்மை விதிய. கமிஷனருக்கு ரொம்பவே இடம் குடுக்கற விதி அது. அதுல அவர் தானா குடுக்கக் கூடிய தண்டனை ரெண்டு மேட்ச் வரைக்கும்தான், மேல போகணும்னா யுனிவர்சிட்டி தலைவருங்க இருக்கற கமிட்டி ஒத்துக்கணும். ரெண்டோட நிறுத்திருந்தா பென் ஸ்டேட், மேரிலாண்டோட முடிஞ்சிருக்கும். மூணாவது மேட்ச் யாரோட தெரியுமா, ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன்காரங்க வருஷம் பூரா காத்துக்கிட்டிருக்கற மேட்ச்.

இன்னொரு விஷயம், ஹார்பாவுக்கு இது முன்னாடியே தெரியும்னு லெட்டர்ல எங்கயும் சொல்லல. தண்டனை கோச்சுக்கு இல்ல, யுனிவர்சிட்டிக்கு, ஹெட் கோச்தான் அந்த டீமோட முகம், பசங்கள ஆடவிடாம நிறுத்தறதுக்கு இது தேவலைங்கற மாதிரி எழுதிருந்தாரு. வக்கீல் படிப்பு படிச்சவர்ங்கறது அந்த வரியிலயே தெரியும். வாரம் பூரா ப்ராக்டீஸ் குடுக்கலாம், சனிக்கிழமை மட்டும் வீட்ல டிவியில பாக்கணும்.

மிச்சிகன் கொதிச்சிருச்சு. விசாரணையே முடியல, அதுக்குள்ள தண்டனையா, மத்த டீம்ங்க எங்க சிக்னலை ஆளாளுக்குப் பகிர்ந்துக்கிட்டாங்களே அதுக்கு என்ன பதில்னு கேட்டாங்க. கோர்ட்டுக்கும் ஓடுனாங்க, ஆனா அன்னிக்கு முன்னாள் ராணுவத்தினர் தின லீவு. எனக்கு உறுத்தறது அது ஒண்ணுதான், முடிவு சரின்னே வெச்சுக்குவோம், டீம் கிளம்புன பிறகு, கோர்ட் பூட்டி இருக்கற நாள் சாயங்காலமாவா அனுப்பணும்? வேணும்னே பண்ணாருன்னு நான் சொல்ல வரல, ஆனா அப்படித்தான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை உதவி கோச் ஷெரோன் மூர் டீமை நடத்தி 24-15ல ஜெயிச்சாரு, பேட்டியில பேசவே முடியாம அழுதுட்டாரு. நவம்பர் 17 கோர்ட்ல விசாரணைன்னு இருந்துது, 16ஆம் தேதியே மிச்சிகன் கேஸை வாபஸ் வாங்கிருச்சு, பதிலுக்கு பிக் டென் தன் விசாரணைய மூடிருச்சு. ஒஹையோ ஸ்டேட்டையும் 30-24ல ஜெயிச்சு, ஜனவரி 8 ஹூஸ்டன்ல வாஷிங்டனை 34-13ல அடிச்சு தேசிய சாம்பியன். 15க்கு 15.

அப்போ அந்த லெட்டரால என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஸ்கோர்போர்டைப் பாத்தா ஒண்ணும் ஆகல. ஆனா நான் பாக்கற வரைக்கும், தப்பு நடந்த அந்த சீசனுக்குள்ளயே மிச்சிகன் மேல விழுந்த தண்டனைன்னா அந்த மூணு சனிக்கிழமை மட்டும்தான். என்சிஏஏ முடிவு சொன்னது 2025 ஆகஸ்ட்ல. 13 டீம்களோட 52 மேட்ச்ல ஆள் வெச்சு வேவு பாத்தாங்கன்னு சொன்னாங்க, ஸ்டேலியன்ஸ் தன் ஃபோனை ஒரு குளத்துல வீசுனதும் அந்த அறிக்கையில இருக்கு. அதுக்கு முன்னாடி பெட்டிட்டி இன்னொரு லெட்டர் எழுதுனாரு, இந்தத் தடவை என்சிஏஏ கமிட்டிக்கு, மிச்சிகன் ஏற்கனவே அனுபவிச்சாச்சு, இன்னும் தண்டிக்க வேணாம்னு. அன்னிக்கு அவரைத் திட்டித் தீத்த அதே ஊருக்காக!

கமிட்டி காது குடுக்கல. ரெண்டு கோடி டாலருக்கு மேல போகும்னு சொல்ற அபராதம், ஆனா ஜெயிச்ச மேட்ச் எதையும் பிடுங்கல. ஹார்பாவுக்கு பத்து வருஷம் காலேஜ் பக்கம் வேலை கிடைக்காத மாதிரி கட்டுப்பாடு, பழைய தண்டனை ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கறதால இது ஆரம்பிக்கறதே 2028 ஆகஸ்ட்லதான். அவர் 2024 ஜனவரியிலயே லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ்க்குப் போயிட்டாரு, என்எஃப்எல், அங்க என்சிஏஏ உத்தரவு எதுவும் செல்லாது.

(திரையில்: 2024 சீசன், ஒரு காலேஜ் ஹெல்மெட், பின்பக்கம் பச்சைப் புள்ளி)

அந்தப் புள்ளி தெரியுதா? உள்ள ஸ்பீக்கர் இருக்கற ஹெல்மெட்னு அர்த்தம். ரூல் புக்ல இதுக்கு அனுமதி குடுத்தது 2024 ஏப்ரல்ல, லெட்டர் போய் அஞ்சு மாசத்துல.