ஆற்றைப் பார்த்து நிற்கும் கட்டடங்கள்

[காட்சி: கரையோரம் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய கட்டடங்கள்]

பழைய ஆற்றங்கரை வட்டாரம் ஒன்றுக்குப் போனால் நாம் தெருவில் நடந்தபடியே அண்ணாந்து பார்ப்போம். கட்டியவர்களின் கண் இருந்ததோ தண்ணீர்ப் பக்கம். சரக்கு அங்கிருந்துதான் வந்தது. அதனால் முதலில் எதிர்க்கரைக்கோ பாலத்தின் நடுவுக்கோ போய் நின்று பாருங்கள்.

[காட்சி: ஆம்ஸ்டர்டாம். கூரைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரம்]

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வட்டாரம் 17ஆம் நூற்றாண்டில் விரிந்தது. அங்கே பழைய வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டியிருக்கும், முனையில் கொக்கியோடு. அதில் கப்பியை மாட்டி, படகில் வந்த மூட்டையைக் கயிறு கட்டி நேரே பரணுக்கு இழுத்தார்கள். வீடே குறுகல், உள்ளே படிக்கட்டு அதைவிடக் குறுகல். வேறு வழியில்லை.

அப்புறம், முகப்புச் சுவரைக் கவனியுங்கள். பல வீடுகளில் அது முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். மேலே ஏறும் மூட்டை சுவரிலும் சன்னலிலும் இடிக்காது. பக்கவாட்டில் சாய்ந்த வீடுகளின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் அடியில் சேற்றுக்குள் இறக்கிய மரத்தூண்கள் தளர்ந்திருக்கும். ஒரே தெருவில் இரண்டு சாய்வையும் பார்க்கலாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்பைஷர்ஷ்டாட் என்ற கிடங்கு வட்டாரம் இருக்கிறது. அங்கே 1883 முதல் எழுந்த செங்கல் கிடங்குகளிலும் இதே ஏற்பாடுதான்: ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தெரு, உச்சியில் கப்பி.

[காட்சி: ஹோய் ஆன், மாடித் தரையில் ஒரு திறப்பு]

சரி, சரக்கைக் கொண்டுவரும் ஆறே வீட்டுக்குள் புகுந்தால்? வியட்நாமின் ஹோய் ஆனில் து போன் ஆறு மழைக்காலத்தில் அடிக்கடி கரை தாண்டும். அங்குள்ள பழைய வணிகர் வீடுகளில் மாடித் தரையில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கீழே கடையில் இருக்கும் பொருளெல்லாம் அதன் வழியே மேலே போய்விடும். அவற்றில் ஒன்றான டான் கீ என்ற வீட்டில் எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரிலேயே குறித்திருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று ஏற்றுக்கொண்டு கட்டிய வீடுகள் இவை. இந்த வட்டாரங்களில் நான் மிகவும் மதிப்பது இந்தப் புத்தியைத்தான்.

புதுப்பிக்கும்போது முதலில் போவதும் இதுதான் என்பது வருத்தம். முகப்புக்குச் சாயம் பூசுவார்கள். மாடித் திறப்பை மூடிவிடுவார்கள், உத்தரத்தை அறுத்துவிடுவார்கள். படித்துறைக்கு மேல் அகலமாகச் சாலை வந்துவிட்டால் கட்டடத்துக்கும் ஆற்றுக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோகும். இப்படிக் காப்பாற்றுவதைக் காப்பாற்றியதாக என்னால் ஏற்க முடியவில்லை.

[காட்சி: கரைச் சுவரில் துருப்பிடித்த இரும்பு வளையம்]

நீங்கள் போகும்போது கரைச் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். படகு கட்டிய வளையங்கள், கயிறு உரசித் தேய்ந்த கல் எல்லாம் அங்கேதான் இருக்கும். வளையம் எந்தக் கட்டடத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்தால், சரக்கு எங்கே இறங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். கடலை ஒட்டிய ஊர் என்றால் நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். படித்துறையின் கடைசிப் படிகள் அப்போதுதான் வெளியே தெரியும்.