இரண்டு இணைப்புகள், ஒரே குழாய்: கொழும்பிலிருந்து கிளவுட் வரை

[திரையில்: கொழும்பு, மும்பை, சிங்கப்பூர் வரைபடம்]

வணக்கம். அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸுக்கு இலங்கையில் ரீஜன், அதாவது தரவு மையத் தொகுதி, கிடையாது. மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டு ரீஜன்களையே நாம் பயன்படுத்த வேண்டியிருப்பதால், கொள்ளுப்பிட்டி அலுவலகமொன்றில் ஒருவர் விலைப்பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோரிக்கை கடல் கடந்துதான் போய்வருகிறது. ஃபைபரில் 1,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் ஆகும். அதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. பாதை அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

[திரையில்: காலி வீதி, நிலத்தடிக் குழாய்]

இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்புகள் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அந்த இரண்டு ஃபைபர்களும் காலி வீதியில் ஒரே குழாய் வழியாக வந்து, கட்டடத்துக்குள் ஒரே துளையால் நுழைந்தால், நீர்க்குழாய்க்காகத் தோண்டும் ஒரு பெக்கோ இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். ஆகவே, பாதை வரைபடத்தை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். கடலுக்கடியிலும் இதே கேள்விதான்: சீ-மீ-வீ 5 மாத்தறையிலும், பே ஒஃப் பெங்கால் கேட்வே கல்கிசையிலும் கரையேறுகின்றன, உங்கள் இரண்டு இணைப்புகளும் எந்தெந்தக் கேபிளில் போகின்றன? மறுமுனையிலும், பொது இணையத்தைத் தொடாமல் அமேசானுடன் நேரடியாக இணைக்கும் டைரக்ட் கனெக்ட் இணைப்புகள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கருவிகளில் முடிய வேண்டும்.

கொள்ளளவையும் கவனியுங்கள். தலா 1 ஜிகாபிட் கொண்ட இரண்டு இணைப்புகளில் 600 மெகாபிட் வீதம் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று விழுந்ததும் மற்றதும் திணறும்.

[திரையில்: ரவுட்டரில் எரியும் பச்சை விளக்கு]

இடையில் எங்கோ பாதை அறுந்திருக்கும். ஆனால் நடுவிலுள்ள சுவிட்ச் இயங்குவதால் நம் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்நிலையில், ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளை அறிவித்துக்கொள்ளப் பயன்படும் நெறிமுறையான பிஜிபி, தன் இயல்பான 90 செக்கன் காத்திருப்பு முடிந்த பின்னரே மாற்றுப் பாதைக்குத் திரும்பும். மறுமுனை பதிலளிக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி என்ற நெறிமுறையை, 300 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை, மூன்று தவறல் வரை என்று அமைத்தால் ஒரு செக்கனுக்குள் தெரிந்துவிடும். அமேசான் தன் பக்கத்தில் அதைத் தயாராகவே வைத்திருக்கிறது. நம் ரவுட்டரில் நாம் அமைக்காதவரை அது வேலை செய்யாது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று. டைரக்ட் கனெக்டின் பிரைவேட் இணைப்பில் நாம் அமேசானுக்கு 100 ஐபிவி4 ரூட்டுகளுக்கு (நம் வலையமைப்பின் முகவரித் தொகுதிகளுக்கு) மேல் அறிவித்தால் பிஜிபி அமர்வே விழுந்துவிடும். இரண்டு ரவுட்டர்களும் ஒரே பட்டியலை அறிவிப்பதால், 101ஆவது ரூட் சேர்ந்த கணத்தில் தனித்தனிக் குழாய்களும் தனித்தனிக் கேபிள்களும் பயனற்றுப்போய், இரண்டு இணைப்புகளும் ஒன்றாக விழும். பல ரூட்டுகளை ஒன்றாகச் சுருக்கி அறிவியுங்கள். துணைக்கு இணையத்தின் வழியே குறியாக்கம் செய்து அனுப்பும் விபிஎன் வைத்தால், அதன் வழமையான ஒரு சுரங்கம் (இணைப்பு) 1.25 ஜிகாபிட் வரைதான் தாங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பரிசோதனைக்கு ஒரு சனிக்கிழமை இரவைத் தெரிவுசெய்து, முதன்மை இணைப்பின் பிஜிபியை நீங்களே நிறுத்துங்கள். போகும் பாதையும் திரும்பும் பாதையும் வேறுபட்டால், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் அமர்வுகளைத் துண்டிக்கக்கூடும். அப்படித் துண்டிக்கப்பட்ட ஒவ்வோர் அமர்வும் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பியது என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள்.